மூன்றாம் கோடு

இரவு பதினொன்றேகால். தீவின் கடைசிக் கப்பல் போய்விட்டது.
ஹெல்டுரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.
எண்பத்து மூன்று வயது. சமையலறையில் விழுந்தாராம்.
"விழவில்லை, தரைதான் எழுந்து வந்தது" என்கிறார்.
புருவத்தில் மூன்று தையல். கோட்டில் இன்னும் பனி.

ஈசிஜி தாளின் தலையில்
இயந்திரம் தன் தீர்ப்பை அச்சடித்துவிட்டது:
மேலறைப் படபடப்பு, நிமிடத்துக்கு முந்நூறு.
அதற்குச் சந்தேகம் என்ற பொத்தானை யாரும் வைக்கவில்லை.
கீழே ரம்பப் பற்கள், வரிசை வரிசையாய்.
செவிலி மாரிக்கா தாலினுக்கு ஃபோன் போட்டாயிற்று,
ரத்தம் உறையாத மருந்தைத் தொடங்கச் சொல்கிறார்களாம்,
சற்றுமுன் தலையில் அடிபட்ட மனிதருக்கு.

அளவுகோலை எடுத்தேன்.
உச்சிக்கு உச்சி எண்ணினேன்.
பத்தொன்பது சிறுகட்டம், பத்தொன்பது, மறுபடி பத்தொன்பது.
ஒரு வெண்பாவுக்குரிய ஒழுக்கம்.
எங்கும் தளை தட்டவில்லை.
பற்கள் மட்டும் அந்த ஒழுக்கத்தோடு ஒட்டாமல்
தம் பாட்டுக்கு ஓடுகின்றன,
பக்கத்து வீட்டு வானொலி மாதிரி.

(போன வாரம் லெய்தாவின் தாள்.
அதில் அளபெடை.
இடைவெளி நீண்டு, இன்னும் நீண்டு,
பிறகு ஒரு சீர் அப்படியே காணாமல் போகும்.
தூக்கத்தில் மட்டும்தான்.
அவளை எழுப்பாமல் விட்டுவிட்டோம்.)

முதல் கோட்டில் ரம்பம்.
இரண்டாவதிலும் ரம்பம்.
மூன்றாவது கோடு துடைத்துவிட்டாற்போல் சுத்தம்.
ஒவ்வொரு உச்சிக்கும் முன்னால்
உரிய இடத்தில் உரிய சிறு மேடு.

மூன்றாம் கோடு இடக்கைக்கும் இடக்காலுக்கும் இடையிலான பேச்சு.
வலக்கைக்கு அதில் பங்கில்லை.

தாளை விட்டுவிட்டு ஆளைப் பார்த்தேன்.
போர்வைக்கு வெளியே அவருடைய வலக்கை.
கட்டைவிரல் ஆட்காட்டி விரலின் மேல்
இல்லாத சில்லறையை எண்ணிக்கொண்டிருக்கிறது.
"எவ்வளவு நாளாய் இது?"
"எது?"
கதவோரம் நின்ற வைகே சொன்னாள்:
"மூன்று குளிர்காலமாய். பொத்தான் நான்தான் போட்டுவிடுகிறேன்."
"யாரிடமும் சொல்லவில்லையா?"
"யாரும் கேட்கவில்லை."

அந்தக் கையைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன்.
பிடித்தாள், மாவு பிசைகிறவளின் பிடி.
மறுபடி எடுத்தோம்.
பற்கள் எல்லாம் உதிர்ந்துபோயின.
வயதுக்கு மிஞ்சிய நல்ல இதயம்,
அதன் மேல் மூன்று வருஷம் யாரும் கேட்காத ஒரு கை.
இயந்திரத்தின் வரியைப் பேனாவால் அடித்தேன்.

இத்தோடு முடிந்திருக்க வேண்டும்.
ஒயரைக் கழற்ற வைகேயின் மணிக்கட்டை நகர்த்தினேன்.
என் விரலடியில் இரண்டு, ஒன்று,
ஒன்றுமில்லை,
மூன்று அவசரமாய்,
மறுபடி ஒன்று.
எந்த அசையும் எந்தச் சீரிலும் சேரவில்லை.

"கொஞ்சம் படுங்கள்."
"நான் நோயாளி இல்லை, வண்டி ஓட்டி வந்தவள்."
"தெரியும். படுங்கள்."

அவளுடைய தாளில் சிறு மேடுகளே இல்லை.
உச்சிகளுக்கு நடுவே மெல்லிய நடுக்கம்,
ஈ மொய்த்த நீர்ப்பரப்பு போல.
அளவுகோலை வைத்தேன், எடுத்தேன்.
இரண்டு இடைவெளிகூட ஒன்றுபோல் இல்லை.
இயந்திரம் சொன்னது: மேலறை நடுக்கம்.
இந்தமுறை அது சரிதான், ஒத்துக்கொள்கிறேன்.
மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குமா என்றேன்.
"எழுபத்தொன்பது வயதில் யாருக்கு வாங்காது?"

ஹெல்டுர் அரைக்கண் திறந்தார்.
"அப்போ என் மாத்திரை இவளுக்கா?"
"ஆமாம்."
"ஐம்பது வருஷமாய் என் தட்டிலிருந்துதான் எடுத்துச் சாப்பிடுகிறாள்."
வைகே சிரித்தாள்.
திரையில் அவள் கோடு தாறுமாறாய் எகிறியது.
அது சிரிப்பு. அதையும் நான் படித்துக்கொள்ள வேண்டும்.

அவருக்கு நரம்பு மருத்துவர், இவளுக்கு இதய மருத்துவர்,
இருவருமே கடலுக்கு அந்தப் பக்கம்.
ஆறு மணிக் கப்பலுக்கு ஃபோன் செய்தேன்.
இரண்டு பேர், ஒரு கார் என்றேன்.
டிக்கெட் கொடுக்கும் பெண் தூக்கக் குரலில் கேட்டாள்:
"ஓட்டுநர் பெயர்?"